அண்ணன் பெயருக்கா, உயிலா, டிரஸ்ட்டா? தன் கணக்கைத் தானே கேட்க முடியாத மகளுக்குச் சொத்து எழுதும்போது

ஸ்ரீரங்கத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வயது 66. மனைவிக்கு 61. மூத்தவன் டாலஸில் வேலை பார்க்கிறான். இளையவளுக்கு 29 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் மாத்திரை போடவோ பணம் எண்ணவோ அவளால் முடியாது. சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வங்கியில் 40 லட்சம் வைப்பு. இது நான் கற்பித்த குடும்பம்தான். ஆனால் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் நான்கு பேர் கூடினால் இந்தக் கதை ஒன்றாவது அங்கே இருக்கும்.

பத்திரம் எழுதுகிற இடத்தில் முதலில் எழும் கேள்வி செலவு என்ன என்பது. அடுத்தது, எது சுலபம். நான் முதலில் வைக்கும் கேள்வி வேறு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பணத்தை வைத்திருப்பவரிடம் போய் "இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாச்சு, மீதி எங்கே?" என்று கேட்க யாருக்குச் சட்டப்படி உரிமை இருக்கும்? மகளால் கேட்க முடியாது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எழுதாமல் விடுவது, அண்ணனுக்கு எழுதுவது

நாமினி போட்டாயிற்று, அது போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. போதாது. நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர், அவ்வளவுதான். உரியவர் வாரிசு. 1984இல் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பற்றியும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் பங்குகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். எதையும் எழுதாமல் அப்பா காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகளின் பங்கு அவள் பெயருக்கு வந்து, யாரும் தொட முடியாமல் அப்படியே நிற்கும்.

அதனால்தான் பலர் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள்: "எல்லாத்தையும் பெரியவன் பேருக்கே எழுதிடுவோம். அவன் தங்கச்சியை விட்டுட மாட்டான்." விடமாட்டான் என்றே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான அண்ணன்கள் விடுவதில்லை. ஆனால் சொத்து அவன் பெயருக்குப் போன நிமிடத்திலிருந்து அது அவன் சொத்து. அவன் தொழிலில் கடன்பட்டால் கடன்காரருக்கு அதில் கை உண்டு. விவாகரத்து வந்தால் அதுவும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும். தங்கைக்கு முன்பே அவன் போய்விட்டால் சொத்து அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்பது வேறு நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரத்துச் செய்தி என்று யோசித்தால் போதும்.

பத்திர எழுத்தர்கள் இதற்கு ஒரு வரி சேர்ப்பார்கள்: "மேற்படி மகளைக் கடைசிவரை பராமரித்து வர வேண்டியது." அந்த வரி எவ்வளவு எடை தாங்கும்? இந்திய டிரஸ்ட் சட்டம் 1882இன் 6ஆம் பிரிவுக்குக் கீழே உள்ள உதாரணங்களைப் படித்தால் விஷயம் புரியும். ஒருவர் தன் சொத்தை இன்னொருவருக்கு உயில் எழுதி, மூன்றாமவரின் நலனுக்காக அதைப் பயன்படுத்துவார் என்ற முழு நம்பிக்கையோடு என்று எழுதினால் அது டிரஸ்ட், அதாவது வாங்கியவர் அந்த மூன்றாமவருக்காகவே சொத்தை வைத்திருக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர். குடும்பத்திலேயே அதைத் தொடர்ந்து வைத்திருப்பார் என்று நம்பி என்று எழுதினால் டிரஸ்ட் இல்லை. கடையையும் சரக்கையும் கொடுத்து, என் கடன்களை அடைத்து இன்னாருக்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும் என்று எழுதினால் அது நிபந்தனை, டிரஸ்ட் ஆகாது. நம் பத்திரத்தின் பராமரிப்பு வரி இவற்றில் எந்தப் பக்கம் விழும் என்பதை இருபது வருடம் கழித்து ஒரு நீதிபதி முடிவு செய்யும்படி விட்டுவைக்க வேண்டுமா? மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவைச் சிலர் நினைவூட்டுவார்கள். பராமரிப்பதாக வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்பது அது. ஆனால் அது எழுதிக் கொடுத்த முதியவருக்கான கவசம், தங்கைக்கானது இல்லை.

கணக்குக் கேட்கிற உரிமை? இந்த வழியில் யாருக்கும் கிடையாது.

மகள் பெயருக்கே எழுதினால்

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவளுக்கானது அவள் பெயரில். ஆனால் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாத ஒருவர் பெயரில் சொத்து இருந்தால், வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கையெழுத்துக்கும் அவளுக்கு ஒரு காப்பாளர் தேவை. 18 வயதுவரை அப்பா அம்மா இயல்பான காப்பாளர்கள். அதன் பிறகு, பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் அந்த அதிகாரம் தொடராது. இதைப் பல வீடுகளில் வங்கிக்குப் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவுக்கு விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் பெறலாம். நியமனமான ஆறு மாதத்துக்குள் காப்பாளர் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். குழு அவரை நீக்கவும் முடியும். என் கேள்விக்கு இந்த வழி நல்ல பதில் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். காகித அளவிலாவது, தனியார் டிரஸ்ட்டை விட இங்கே மேற்பார்வை அதிகம். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் குடும்பங்கள் நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். அவசரத்துக்கு வீட்டை விற்க வேண்டும் என்றால் காப்பாளர் சான்றிதழ் ஒன்றை வைத்து வாங்குபவரை நம்ப வைப்பது கடினம். பெரும்பாலும் நீதிமன்ற அனுமதி வரை போகும். அடுத்து, சொத்து அவள் பெயரில் நேரடியாக இருக்கும்வரை அவள் கட்டைவிரல் ரேகைக்கு ஒரு விலை இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் ரேகை வாங்க வருபவர் வாசல் வழியாகத்தான் வருவார், உறவுமுறை சொல்லிக்கொண்டு. அப்படிப்பட்ட பத்திரம் செல்லாது என்று நிரூபிக்கலாம். அதற்குள் எத்தனை வருடம் போகும் என்பதுதான் கேள்வி. மேலும் அவளால் உயில் எழுத முடியாது. அவளுக்குப் பிறகு சொத்து எங்கே போகும் என்பது பெற்றோர் கையை விட்டுப் போய்விடுகிறது.

வீட்டுக்கு மட்டும் இடைவழி ஒன்று உண்டு: மகளுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, பிறகு மகனுக்கு முழு உரிமை என்று செட்டில்மென்ட். நம் ஊர்ப் பத்திரங்களில் பழகிய முறை, செலவும் குறைவு. ஒரே வீடு, வேறு சொத்து இல்லை, மகள் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறாள் என்றால் இதை யோசிக்கலாம். 40 லட்சத்துக்கு இது உதவாது. மொட்டைமாடி ஒழுகினால் யார் பணம் போடுவது என்பதற்கும் பதில் இல்லை.

டிரஸ்ட் என்ன கூடுதலாகத் தருகிறது

டிரஸ்ட்டில் சொத்தின் சட்டபூர்வ உரிமையாளர் டிரஸ்ட்டி. பத்திரம் அவர் பெயரில், வங்கிக் கணக்கு டிரஸ்ட் பெயரில். ஆனால் அந்த உரிமையோடு ஒரு கடமை ஒட்டியிருக்கிறது: அத்தனையும் பயனாளிக்காக, இங்கே மகளுக்காக. இந்தியச் சட்டத்தில் பயனாளிக்கு இருப்பது டிரஸ்ட்டிக்கு எதிரான உரிமை. மகனுக்கு எழுதி வைத்தால் அவன் பார்த்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கலாம். டிரஸ்ட்டியாக வைத்தால் அவன் பார்த்தே ஆக வேண்டும். அவன் சொந்தக் கடனுக்காக டிரஸ்ட் சொத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது.

கோயில், பள்ளிக்கூடம், அன்னதானம் என்று பொதுத் தர்மத்துக்கு எழுதும் அறக்கட்டளைகளுக்கு 1882 சட்டம் பொருந்தாது. நாம் பேசுவது தனியார் டிரஸ்ட். அதில் டிரஸ்ட்டியின் கடமைகளை வரிசையாக ஒப்பிக்காமல், குடும்பத்துக்குள் சண்டை வருகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

முதலில் கவனத்தின் அளவு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி என்கிறது 15ஆம் பிரிவு. இது மேதையின் அளவுகோல் கிடையாது. சட்டமே தரும் உதாரணம்: வாடகையை நல்ல நிலையில் இருந்த ஒரு வங்கியாளரிடம் கட்டச் சொன்னார் டிரஸ்ட்டி. தேவைப்படும்வரை மட்டுமே பணத்தை அங்கே விட்டுவைத்தார். எடுப்பதற்குள் வங்கியாளர் நொடித்துப்போனார். சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லாதிருந்தால் டிரஸ்ட்டி ஈடுகட்ட வேண்டாம். ஆனால் பன்னிரண்டு சதவீத வட்டி என்ற விளம்பரத்தைப் பார்த்து, டிரஸ்ட் பத்திரம் அனுமதிக்காத நிதி நிறுவனத்தில் போட்டு முழுகினால் கையிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். பத்திரம் அனுமதிக்காத இன்னொரு முதலீட்டில் லாபம் வந்ததே, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு மீறலின் நஷ்டத்தை இன்னொரு மீறலின் லாபத்தால் கழிக்கக் கூடாது என்று 24ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. லாபம் பயனாளிக்கு, நஷ்டம் டிரஸ்ட்டிக்கு.

இரண்டாவது, சொந்த லாபம். இதில் சட்டம் காட்டும் கண்டிப்பு பல டிரஸ்ட்டிகளுக்கு அநியாயமாகவே படும். 1726இல் இங்கிலாந்தில் கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு என்று ஒரு வழக்கு. ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காக டிரஸ்ட்டில் இருந்தது. காலம் முடிந்ததும் டிரஸ்ட்டி சிறுவனுக்காகவே புதுப்பிக்கக் கேட்டார். சிறுவனுக்குத் தரமாட்டேன் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். சரி, எனக்காவது கொடுங்கள் என்று டிரஸ்ட்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை. சிறுவனுக்குக் கிடைக்கவே போகாத குத்தகை அது. ஆனாலும் நீதிமன்றம் குத்தகையையும் லாபத்தையும் சிறுவனுக்கே கொடுத்தது. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அதை எடுத்திருக்கலாம், டிரஸ்ட்டி மட்டும் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். இதைத் தளர்த்தினால் எந்த டிரஸ்ட்டியும் புதுப்பிக்க மனதோடு முயலமாட்டார் என்று நீதிபதி கணக்குப் போட்டார். நம் சட்டத்தின் 51, 88ஆம் பிரிவுகள் அதே பிடிவாதத்தின் வாரிசுகள். நகராட்சிக் கடை ஒன்றின் குத்தகை டிரஸ்ட்டில் இருந்தால் இந்தக் கதை வார்த்தை மாறாமல் நம் ஊரிலும் நடக்கும்.

இதே வகையில், டிரஸ்ட் வீட்டை மைத்துனருக்குப் பாதி வாடகைக்கு விடுவதும் தவறு. குத்தகைக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய அதிக வாடகை வாங்க வேண்டும், 21 வருடத்துக்கு மேல் நீதிமன்ற அனுமதியின்றி விடக்கூடாது என்பது 36ஆம் பிரிவு. பத்திரத்தில் எழுதியிருந்தாலொழிய டிரஸ்ட்டிக்குச் சம்பளமும் கிடையாது. கைச்செலவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கைமாற்ற முடியாமை. பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு வேலை அதிகம் என்று உதறிவிட முடியாது. நீதிமன்ற அனுமதி, தகுதியுள்ள பயனாளியின் சம்மதம், அல்லது பத்திரத்திலேயே கொடுத்த அதிகாரம் வேண்டும். முடிவெடுக்கும் வேலையை ஆடிட்டரிடமோ அத்தை மகனிடமோ ஒப்படைக்கவும் கூடாது. இரண்டு பேர் டிரஸ்ட்டி என்றால் இருவரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். "நான் பேருக்குத்தான் டிரஸ்ட்டி, எல்லாம் அவர்தான் பார்த்தார்" என்பது பாதுகாப்பு தராது. பணத்தைச் சகாவிடம் கொடுத்துவிட்டு என்ன ஆனது என்று விசாரிக்காதவரும், தப்பு நடப்பது தெரிந்தும் மூடி மறைத்தவரும் 26ஆம் பிரிவின்படி மாட்டிக்கொள்வார்கள். காலம் கடந்துவிட்டது என்று தப்பிக்கவும் பெரும்பாலும் முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக டிரஸ்ட்டாகச் சொத்தை வைத்திருப்பவரிடமிருந்து அதை மீட்கவோ கணக்குக் கேட்கவோ போடும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்கிறது 1963 காலவரம்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு.

இவ்வளவு வலுவான சட்டத்தில் நம் ஸ்ரீரங்கத்து மகளுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. 19ஆம் பிரிவைப் பாருங்கள். டிரஸ்ட்டி தெளிவான கணக்கு வைத்திருக்க வேண்டும். *பயனாளி கேட்டால்* முழு விவரமும் தர வேண்டும். இவள் எப்படிக் கேட்பாள்? தனியார் டிரஸ்ட்டின் வரவு செலவை எந்த அரசு அலுவலகமும் வருடா வருடம் சரிபார்ப்பதில்லை. வருமான வரிக் கணக்கோடு முடிந்தது. கேட்கிற வாய் இல்லாத இடத்தில் 1882இன் பிரிவுகள் அனைத்தும் அலமாரியில் உறங்கும். எனவே பத்திரத்திலேயே அந்த வாயை உண்டாக்க வேண்டும். டிரஸ்ட்டி அல்லாத ஒருவரைக் கண்காணிப்பாளர் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பெறவும், திருப்தி இல்லாவிட்டால் டிரஸ்ட்டியை மாற்றவும், மகள் சார்பில் நீதிமன்றம் போகவும் அவருக்கு அதிகாரம் எழுதுங்கள். மேலே சொன்ன சட்டபூர்வக் காப்பாளர் நியமனத்தையும் விடாமல் வாங்குங்கள். பணம் டிரஸ்ட்டியிடம், ஆள் காப்பாளரிடம். இந்த இரண்டு பேரும் ஒருவராக இல்லாமல் இருந்தால் காப்பாளரே கணக்குக் கேட்கிறவராகிவிடுவார். அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் மகளுக்கு வருமானால் அது டிரஸ்ட்டுக்கு வராது, காப்பாளர் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போதேவா, உயில் வழியாகவா

டிரஸ்ட்டை உயிரோடு இருக்கும்போதே பத்திரமாகப் பதிவு செய்யலாம், அல்லது உயிலில் எழுதி வைக்கலாம். அசையாச் சொத்து என்றால் பதிவான பத்திரம் அல்லது உயில், இந்த இரண்டில் ஒன்றுதான் வழி.

உயிலில் எழுதினால் இன்று செலவில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வரியிலும் ஒரு சலுகை உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்ட்டியின் விருப்பத்துக்கு விட்டுவிடும் டிரஸ்ட்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி. தன்னைச் சார்ந்து வாழும் உறவினருக்காக ஒருவர் உயில் மூலம் ஏற்படுத்தும் ஒரே டிரஸ்ட்டுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. உயிலின் குறை, அது முதல்முறையாக வேலை செய்யத் தொடங்கும்போது எழுதியவர் இல்லை. டிரஸ்ட்டி மறுத்தால் என்ன செய்வது, வங்கி என்ன காகிதம் கேட்கும், யாராவது உயிலை எதிர்த்தால் அந்த மாதங்களில் மாத்திரைக்கு யார் பணம் தருவது, எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

உயிரோடு இருக்கும்போது செய்யும் டிரஸ்ட்டில் அப்பாவே முதல் டிரஸ்ட்டியாக உட்காரலாம். கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நான்கைந்து வருடம் ஓட்டிப் பார்க்கலாம். அந்த ஆள் வங்கிக்கு வருகிறாரா, ரசீது வைக்கிறாரா, மகளிடம் எப்படிப் பேசுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் கவனம்: ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், பயனாளிகள் எல்லோரும் சம்மதம் தரத் தகுதியுள்ளவர்களாக இருந்தால்தான் பின்வாங்க முடியும். நம் மகளால் சம்மதம் தர முடியாது. அதாவது கதவு சாத்திவிடும். முத்திரைத்தீர்வையும் இடிக்கும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு இருக்கும் உச்சவரம்புச் சலுகை டிரஸ்ட்டுக்குத் தானாக வந்துவிடும் என்று நினைத்து வரைவு எழுதாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரைவைக் காட்டிக் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

நான் அந்த இடத்தில் இருந்தால் இரண்டையும் கலப்பேன். இப்போது 5 லட்சமோ 10 லட்சமோ பணத்தை மட்டும் போட்டு மகள் ஒருத்தியையே பயனாளியாக வைத்து டிரஸ்ட் தொடங்குவேன். அவள் ஒருத்தியே என்பதால் பங்கு நிச்சயமானது. வரியும் அவள் விகிதத்திலேயே வரும். தன் உறவினர் ஒருவர் நலனுக்காக மட்டும் ஒருவர் ஏற்படுத்தும் டிரஸ்ட்டுக்கு அவர் கொடுக்கும் பணம் நன்கொடை வருமானமாகவும் கருதப்படாது. வீட்டையும் மீதி வைப்பையும், எங்கள் இருவரில் கடைசியாகப் போகிறவருக்குப் பிறகு அந்த டிரஸ்ட்டுக்கு என்று இரண்டு தனித்தனி உயில்களில் எழுதுவேன். இதில் மகனையும் அவன் பிள்ளைகளையும் "டிரஸ்ட்டியின் விருப்பப்படி" பயனாளிகளாகச் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்தால் உச்ச விகித வரியும் வரும், போட்டியும் வரும்.

டிரஸ்ட்டி யார்

மகன்தான் என்று எல்லோரும் சட்டென்று சொல்வார்கள். முதல் தடை டாலஸ். வெளிநாட்டையே இருப்பிடமாகக் கொண்டவர் தகுந்த டிரஸ்ட்டி இல்லை என்று 60ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாத டிரஸ்ட்டிக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்க 73ஆம் பிரிவு வழி தருகிறது. (அதே 60ஆம் பிரிவின் பட்டியலில், பயனாளியின் தனிநபர் சட்டம் அனுமதித்தாலொழிய, மணமான பெண்ணும் இருக்கிறார். 1882இன் மூக்குக் கண்ணாடி அது. இன்று அதைக் காட்டி யாரும் சித்தியையோ அக்காவையோ ஒதுக்குவதில்லை, ஒதுக்கவும் வேண்டாம்.) மகனுக்குக் கணக்குக் கேட்கும் கண்காணிப்பாளர் வேலை நன்றாகப் பொருந்தும். அதை டாலஸிலிருந்தே செய்யலாம்.

மகன் திருச்சியிலேயே இருந்தாலும் இரண்டாவது தடை ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி வீட்டில் பேசவே கூச்சப்படுவார்கள். பெரும்பாலான பத்திரங்களில் "மகளுக்குப் பிறகு மீதி மகனுக்கு" என்று இருக்கும். அவனே டிரஸ்ட்டியும் என்றால், தங்கைக்குச் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு அவனுடையது. பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் ஆள் வேண்டுமா, ஒரு நாள் போதுமா? கோடையில் ஏசி வேண்டுமா? பல் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையா, தனியாரா? எந்தப் பதிலையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதில் சொல்கிறவரின் சட்டைப்பை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது எல்லாவற்றையும் மெல்ல மெல்லச் சாய்க்கும். நல்லவனாக இருந்தாலும் சாயும். சாய்வது அவனுக்கே தெரியாது. பயனாளியின் நலனுக்கு முரணான நலன் உள்ளவர் தகுந்த டிரஸ்ட்டி இல்லை என்று சட்டம் சொல்வதன் காரணம் இதுதான். பயனாளிகள் பலர் என்றால் பாரபட்சம் கூடாது என்ற 17ஆம் பிரிவும் அவனை இரண்டு பக்கமும் இழுக்கும்.

அவனை விலக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மீதி அவனுக்குப் போகட்டும், டிரஸ்ட்டிகளில் பெரும்பான்மை வேறு ஆட்களாக இருக்கட்டும். அல்லது அவன் டிரஸ்ட்டியாக இருக்கட்டும், மீதி அவன் பிள்ளைகளைத் தாண்டி வேறெங்காவது போகட்டும். அல்லது மாதத்துக்குக் குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும், விலைவாசிக்கேற்ப அதை உயர்த்த வேண்டும் என்று எழுதி அவன் விருப்பத்தின் அகலத்தைக் குறைக்கலாம். மூன்றில் முதலாவது எனக்குப் பிடிக்கும்.

மகள் தங்கப்போகும் இல்லத்தின் நிர்வாகியை டிரஸ்ட்டியாக்குவது இதைவிட மோசமான யோசனை. கட்டணம் வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். "மீதி இல்லத்துக்கே" என்று வேறு எழுதினால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. அந்த இல்லத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் உயிலில் தனியாக ஒரு தொகை எழுதுங்கள்.

தாய்மாமா, சித்தப்பா, குடும்ப நண்பர்? அன்பும் அருகாமையும் இருக்கும். வயதும் இருக்கும். 66 வயதுக்காரர் தன் வயது நண்பரை நியமித்தால் மகளின் ஐம்பதாவது வயதில் யார் இருப்பார்கள்? சித்தி மகள், மாமா மகன் என்று அடுத்த தலைமுறையில் ஒருவர் அவசியம். பணத்தை வாங்கிக் கையாளும் டிரஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு டிரஸ்ட்டி வேண்டும் என்று சட்டமே 60ஆம் பிரிவில் சொல்கிறது. மூன்று என்றால் முடிவு முடங்காது. ஆனால் பெரும்பான்மை முடிவு செல்லும் என்று பத்திரத்தில் எழுத வேண்டும்.

வங்கிக் குழுமங்களின் டிரஸ்ட்டி நிறுவனங்கள் இப்போது குடும்ப டிரஸ்ட்டுகளையும் ஏற்கின்றன. சாகமாட்டார்கள், கணக்கு ஒழுங்காக இருக்கும், கட்டணம் உண்டு. 40 லட்சத்தின் வட்டியில் அந்தக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் கை கடிக்கலாம். பெரிய சொத்துக்கு நல்லது. ஆனால் அவர்களுக்கு அவளைத் தெரியாது என்பதால், செலவு எது தேவை என்று சொல்ல அப்போதும் ஓர் உறவு வேண்டும். அரசு வழியும் உண்டு. 1913 சட்டத்தின்கீழ் உள்ள அஃபீஷியல் டிரஸ்ட்டி அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. அவர் தனியாகத்தான் டிரஸ்ட்டியாக இருப்பார், வேறு யாரோடும் சேரமாட்டார். ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் பொறுப்பில் வரும் இழப்புக்கு அரசு வருவாய் பதில் சொல்லும் என்பது பெரிய பலம். நம்பத்தகுந்த உறவே இல்லாத குடும்பத்துக்கு இதை நான் சொல்வேன். மற்றவர்களுக்கு, மகளின் காலுக்குச் செருப்பு வாங்கவும் கோப்பு நகர வேண்டுமே என்ற தயக்கம் எனக்கு உண்டு.

வரைவு கைக்கு வந்ததும் சில வரிகளைத் தேடிப் பாருங்கள். வீட்டை விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதாவிட்டால் டிரஸ்ட்டிக்கு அது கிடையாது. எவற்றில் முதலீடு செய்யலாம் என்ற பட்டியல் இருக்கிறதா? 2016 திருத்தத்துக்குப் பிறகு, பத்திரம் அனுமதிப்பவை அல்லது அரசு அறிவித்தவை என்பதுதான் எல்லை. டிரஸ்ட்டி இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை நியமிப்பது யார்? கண்காணிப்பாளருக்கும் ஒரு மாற்று ஆள் பெயர் இருக்கிறதா? "தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பார்" என்று ஒரு பிரிவு கணினியில் இருந்து ஒட்டப்பட்டு வந்திருந்தால் அதை நம்பி இருக்க வேண்டாம். டிரஸ்ட் சட்டத்தின்கீழ் வரும் தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு (ஆர்பிட்ரேஷன்) அனுப்ப முடியாது என்று 2016இல் விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. தகராறு என்றால் மாவட்ட நீதிமன்றம்தான். வழக்கு போடாமலேயே டிரஸ்ட்டி அதே நீதிமன்றத்தில் மனு கொடுத்து நிர்வாகக் கேள்விக்கு ஆலோசனை கேட்க 34ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிக் கேட்டு அதன்படி நடந்தவர்மேல் பிறகு பழி வராது என்பதை, பொறுப்பேற்கத் தயங்கும் சித்தி மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.